முப்பது நொடிக் குன்று

வியாழக்கிழமை மாலையானால் நோரீன் ட்ரெவீனாவின் அடுப்பில் கிரீஸ் கொதிக்கும். தன் பந்தயக் காரின் சங்கிலியை அதில் போட்டு, இடுக்கியால் புரட்டிப் புரட்டி எடுத்து வடியவிடுவார். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கிரீஸ் இறங்க வேண்டுமாம். "சங்கிலி வெந்தப்புறந்தான் சாசேஜ் வேகும்" என்பது அந்த வீட்டுச் சட்டம். இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வேகமாகப் போனார் என்று ஒரு தாய்கூடக் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை, அடிலெய்டுக்கு வடக்கே ஷீப்வாஷ் குன்றில் பார்த்தால் அது வேறு நோரீன்.

காரை அவரே கட்டினார். உடம்பு பழைய மழைநீர்த் தொட்டியின் தகரம். இருக்கை உடைத்துப்போட்ட பேருந்தினுடையது. இஞ்சின் 1938-ஆம் வருடத்து மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. இரண்டே சிலிண்டர்தான், ஆனால் வாய் ஊருக்கே கேட்கும். அதற்கு மசகு எண்ணெயாக விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார். கதவில்லை, கண்ணாடியில்லை, கியர்த் தண்டுகூட உடம்புக்கு வெளியேதான்.

குன்றேறும் கார்ப் பந்தயம் அது; ஒவ்வொருவராகத் தனியே ஏற வேண்டும், கடிகாரம்தான் எதிரி. மோட்டார் சைக்கிள் இஞ்சின் வைத்த காரில் முப்பது நொடிக்குள் ஏறியவர் பெயரைத் தேநீர்க் கொட்டகைப் பலகையில் எழுதுவார்கள். பதினோரு பெயர் இருக்கிறது. நோரீன் பத்தொன்பது வருடமாக முயன்றும் அவர் பெயர் இல்லை. போன வருடம் 30.06 நொடி. அந்த ஆற்றாமையில் ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கே நேரம் போகிறது என்று அவருக்குத் தெரியும். கடைசி வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியருக்கு மாற ஒரு கையை எடுக்க வேண்டும், அங்கேதான். இந்த முறை பின் அச்சில் ஐந்து பல் குறைந்த பல்சக்கரத்தை மாட்டிவிட்டார். இனி இரண்டாவது கியரே உச்சிவரை இழுக்கும்.

"ஏம்மா நோரீன், கெளம்பற எடத்துலயே முக்கி மொனகி நின்னுடும், பாத்துக்க" என்றார் கெல்வின் ஷுல்ட்ஸ். திராட்சைத் தோட்டக்காரர். பலகையில் ஐந்தாவது பெயர் அவருடையது; அது நடையிலேயே தெரியும்.

காலை ஓட்டத்தில் அப்படியே ஆயிற்று. பச்சை விளக்கு எரிந்தது, கார் இரண்டு முழம் நகர்ந்து, இருமி, அணைந்துபோனது.

"சொன்னேன்ல? எங்கிட்ட பெரிய பல்சக்கரம் ஒண்ணு கெடக்கு. மாத்திக்க."

"போய்யா. வச்ச பல்லு வச்சதுதான்."

மிச்சம் ஒரே ஓட்டம். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

ரொட்டியைக் கடித்தபடி, கார் நின்றுபோன இடத்தைப் போய்ப் பார்த்தார். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம் மாட்டுவது இந்தக் குன்றில் வேதவாக்கு; பிடிமானத்துக்கு. தரையில் ஒரு ரப்பர்த் தடம்கூட இல்லை. சக்கரம் தரையை அப்படிக் கவ்வியதால்தான் இஞ்சின் மூச்சுத் திணறியிருக்கிறது. கொஞ்சம் வழுக்கவிட்டால் பிழைத்துக்கொள்ளும். நோரீன் ஸ்பானரை எடுத்து, வெளிச்சக்கரம் இரண்டையும் கழற்றிப் போட்டார்.

"பைத்தியமா ஒனக்கு? மேல் வளைவுல வேலிய ஒடச்சிட்டு ஆட்டுப்பட்டிக்குள்ள போயிடுவ!" என்று பதறினார் கெல்வின்.

"போனா ஆட்டுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு வரேன். ஓரமா நில்லு."

பச்சை விளக்கு. பின்சக்கரங்கள் கிறீச்சிட்டுப் புகைந்தன, வழுக்கின, பிறகு பிடித்தன. இஞ்சின் அணையவில்லை! தேநீர்க் கோப்பையோடு எல்லோரும் கொட்டகையை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். கடைசி வளைவில் காரின் வால் பக்கவாட்டில் வீசி வேலியோரப் புல்லைச் சீவியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கால் அழுத்தியது அழுத்தியபடி, நோரீன் உச்சியைத் தாண்டினார்.

கீழே வந்ததும் நேரச் சீட்டை நீட்டினார்கள். நோரீன் அதைப் பார்க்காமலே கெல்வின் கையில் திணித்தார். "கண்ணாடி இல்ல. நீயே படி."

கெல்வின் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "இருபத்தொம்பது புள்ளி எட்டு ஏழு."

"என்னது?"

"இருபத்தொம்பது புள்ளி எட்டு ஏழு!"

"சத்தமா, கெல்வின்!"

கழுத்து நரம்பு புடைக்க, குன்றின் உச்சிவரை கேட்கும்படி கத்தினார் கெல்வின்.

"இன்னொரு தடவ" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் நோரீன், இஞ்சின் சத்தத்துக்காகக் காதுகளில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தார்.