மேசையின் வலது ஓரத்தில் ஒரு மணி

பித்தளை மணி. தேக்குக் கைப்பிடி. பள்ளிக்கூட பியூன் கையில் இருப்பதில் பாதி உயரம்தான் இருக்கும். ஒன்பது ஆண்டுகள் அது அக்காவின் மேசையில், வலது ஓரத்தில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அடிக்கும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான்.

புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம். உண்மையில் நடந்த கொலைகளை நடித்துக் காட்டும் இந்தித் தொடர்களுக்கு அக்கா ஆள் தேர்வு செய்துகொடுத்தார். கொலை செய்பவர்களும் சாகிறவர்களும் வாரந்தோறும் தேவைப்பட்டார்கள். அவர்களுடைய பெயர், ஊர், உயரம், காட்சியின் நீளம், குறிப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. நீளத்தை நிறுத்துக் கடிகாரம் வைத்து விநாடிக் கணக்கில் எழுதுவேன். வீட்டு நாட்குறிப்பையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அக்காவின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். இவர் பிறந்து வளர்ந்தது கேம்ப்பில். வெளியே இந்தி, மராத்தி. என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ். "மனுசனுக்குள்ள ஒரு புண்ணு இருக்கும் தம்பி. அதுல வெரல வச்சா எவனும் நடிச்சிருவான்" என்பார். வந்தவர்களிடம் டீ கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். யார் அடித்தார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டுக்கொள்வார். பிறகு கேமராவை ஓடவிட்டு, அவர்கள் சொன்னதையே எடுத்து அவர்கள் முகத்தில் எறிவார்.

காட்சி தொடங்கிவிட்டால் மணி அடிக்கும்வரை நிற்காது. யாருக்காவது வலித்தால் 'தாம்பா' என்று சொல்ல வேண்டும். மராத்தியில் நிறுத்துங்கள் என்று பொருள். இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சொன்னதாகப் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கினோம். ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

அன்று மனைவியின் கழுத்தை நெரிக்கும் கணவன் வேடத்துக்கு ஆள் பார்த்தோம். ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பெரிய கைகள், சின்னக் குரல். பக்கத்து வீட்டுக்காரி வேடத்துக்காக வந்து காத்திருந்த லோஹேகாவ் ஆசிரியை ஒருத்தியை, மனைவியாக எதிரில் நிற்கச் சொன்னார் அக்கா. மூன்று முறை எடுத்தும் அவன் அவளைப் பூத்தொட்டியைத் தூக்குவதுபோல்தான் பிடித்தான்.

"என்ன தம்பி இவன், கழுத்துக்கு மால போடுதானா?" என்று என்னிடம் தமிழில் அலுத்துக்கொண்டார். பிறகு ஆசிரியையை அழைத்து, காதில் ஏதோ சொன்னார். தொழிற்சாலையில் எல்லோர் முன்னாலும் மேஸ்திரி அவனை எப்படிக் கூப்பிடுவான் என்பதை டீ குடிக்கும்போது அவன் சொல்லியிருந்தான். நான்காவது முறை ஆசிரியை சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள்.

அவன் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை. கடிகாரத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் முதுகு சுவரில் இருந்தது, பாதங்கள் தரையில் இல்லை. வளையல்கள் நொறுங்கி, மணிக்கட்டிலிருந்து ரத்தம் சுவரில் கோடாக இறங்கியது. குதிகால் சுவரை உதைத்தது. ஒரு கை காற்றில் எதையோ தட்டியது. "வருது தம்பி, வருது" என்று அக்கா கிசுகிசுத்தார். அவர் கண்கள் கேமராத் திரையில் இருந்தன. நான் குறிப்புப் பகுதியில் 'மிக நன்று' என்று எழுதினேன். அவள் 'தாம்பா' என்று சொல்லவில்லையே என்றுதான் நாங்கள் இருவரும் இருந்தோம். கழுத்து நெரிபடுகிறவளால் எந்தச் சொல்லையும் சொல்ல முடியாது என்பது, இரண்டு பேர் சேர்ந்து செய்த அந்த ஒழுங்கான ஏற்பாட்டில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவனாகத்தான் விட்டான். அவள் துணி மூட்டைபோல் சரிந்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம், ரம்பம் ஈர மரத்தில் சிக்கியதுபோல் இருந்தது. அவன் மூலையில் உட்கார்ந்து தன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். நான் கடிகாரத்தை நிறுத்தினேன். நாற்பத்தொரு விநாடி.

உயிர் பிழைத்தாள். நடிக்கப் போனது வெளியே தெரிந்தால் அவமானம் என்று அவள் கணவர் புகார் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்காவும் நானும் லோஹேகாவுக்குப் போனோம். கழுத்தில் பத்து விரல் தடங்களும் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தன. வகுப்பெடுக்கக் குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் எங்களை உட்காரச் சொல்லி, காற்றாக வந்த குரலில் கேட்டது ஒன்றுதான்: "அச்சா ஆயா க்யா, மேடம்?" நன்றாக வந்ததா என்று.

அக்கா எழுந்து வெளியே நடந்தார். அலுவலகம் திரும்பியதும் கேமராவின் கார்டை எடுத்துக் கத்தரிக்கோலால் நான்காக வெட்டினார். அந்த மாதமே அலுவலகத்தை மூடினார்.

அதன்பின் அவர் எழுதத் தொடங்கினார். எல்லாம் இருண்ட கதைகள். ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வைத்துக் கற்ற தமிழ் என்பதால், அவர் கதைகளில் ஆட்கள் பழைய ஏற்பாட்டு நடையில் செத்தார்கள். ஒருத்தி கோடரியால் வெட்டுண்டாள், ஒருவன் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தான், ஒரு குழந்தையின் வாயில் மண் அடைக்கப்பட்டது. எல்லாக் கதைகளிலும் சாகிறவருக்குக் கடைசிச் சொல் வாயிலேயே நின்றுவிடும். எழுத்துப் பிழை பார்ப்பதற்காக என்னிடம் கொடுப்பார். ஏன் தமிழில் எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "இங்க வேற யாரு வாசிக்கப் போறா?" என்றார்.

கடைசிக் கதையை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். "உன்னையும் போட்டிருக்கேன் தம்பி. தப்பா இருந்தா அடிச்சிரு."

கதையில் எல்லாம் இருந்தது. சுவர், வளையல், அந்தப் பெயர், கேமராத் திரையைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண். தன்னை அவர் துளியும் விட்டுவைக்கவில்லை. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி: 'குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தான், மணி அவன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.'

அந்த வரியை அப்படியே விட்டிருக்கலாம். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சிவப்புப் பேனாவால் 'கைக்கு எட்டாத' என்பதை அடித்துவிட்டு, 'கையிலிருந்து ஒரு சாண்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் தெரிஞ்சுதாம்ல எழுதினேன்" என்றார். தம்பி என்று மட்டுமே கூப்பிட்டவர் அன்றுதான் முதல்முறை, திருநெல்வேலி உரிமையோடு என்னை 'ல' போட்டுப் பேசினார்.

"எனக்கும் தெரியும்க்கா" என்றேன்.

போன மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார். அவர் மகள் மணியைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். இதை எழுதும் மேசையில், அன்று இருந்ததுபோலவே வலது ஓரத்தில் வைத்திருக்கிறேன். எழுதும் கையிலிருந்து அளந்து பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. மூன்று விரல் குறைவு.