நொயெலாவுக்குப் புரிந்த பேச்சு

நொயெலா கார்ப்பந்தியேயின் சமையலறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு கிண்ணம் சாலட் இலைகளைக் களைப்பாக்குவது. எண்ணெயும் வினிகரும் ஊற்றி, இலை துவளும்வரை புரட்டுவதற்கு அங்கே அப்படித்தான் பெயர். வெங்காயத்தை வதக்கச் சொல்லமாட்டார், வேர்க்க வைக்கச் சொல்வார். கேக் அச்சின் உள்ளே காகிதம் ஒட்டினால் அதற்குச் சட்டை போட்டாகிவிட்டது. மதியம் கூட்டம் நெரிக்கும் நேரத்துக்குத் துப்பாக்கிச் சூடு என்று பெயர். அது துப்பாக்கியிலிருந்து வந்ததில்லை, விறகடுப்பில் திடீரென்று எழும் தழலைச் சொன்ன பேச்சு என்று ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் ஒரு கதை இருக்கும். ஒரே ஒரு பேச்சைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை.

பாரிஸின் மெனில்மோந்தான் மேட்டில் எட்டு மேசை போட்ட சின்ன உணவகம். எதிர்ச் சாரியில் அஷில் ப்ரோஸாரின் கறிக்கடை. வாரநாட்களில் கறி வாங்கப் போவது நான். சனிக்கிழமைகளில் நொயெலாவே வருவார். ப்ரோஸாரும் அவருடைய மச்சினன் ரெமியும் கத்தியை நிறுத்தாமல் ஏதோ பேசிக்கொள்வார்கள். சொல்லின் முதல் ஒலியைப் பிடுங்கிக் கடைசியில் ஒட்டி, முன்னால் ஒரு 'ல' போட்டு, பின்னால் ஒரு வால் சேர்த்துப் பேசும் பேச்சு. நம் பிள்ளைகள் பேசும் 'க' பாஷைக்குத் தூரத்து உறவு. பாரிஸ் கறிக்கடைக்காரர்கள் வாடிக்கையாளர் முன்னாலேயே ரகசியம் பேச வைத்துக்கொண்டது. எனக்கு அது ஈ ரீங்காரம் போலத்தான் கேட்கும்.

நொயெலாவுக்கு அது முழுக்கப் புரியும் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய அப்பா மாடு அறுக்கும் லா வில்லெத் கறிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். வீட்டில் கோபம் வந்தால் அந்தப் பேச்சில்தான் திட்டுவாராம். கறி வெட்டுகிறவன் மகள் என்று பள்ளியில் கேலிக்கு ஆளான நொயெலா, அது தனக்குத் தெரியும் என்பதையே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அதனால் பதினாறு வருடமாக, ப்ரோஸாரின் கடையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இவங்களுக்குப் பழசைப் போடு, அந்தக் கிழவிக்கு ஓரத்தை வெட்டு, கொழுப்பை அடியில் வைத்துக் கட்டு. நொயெலாவைப் பற்றி மட்டும் ப்ரோஸார் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. "நம்ம மகாராணி வந்தாச்சு" என்று வரவேற்பார், நல்ல தொடைக்கறியை உள்ளிருந்து எடுத்து வருவார், நல்லி எலும்பைச் சும்மா கொடுப்பார். மற்றவர்களை ஏமாற்றுகிற மனிதன் தன்னை ஏமாற்றுவதில்லை என்பதில் நொயெலாவுக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது என்று நினைக்கிறேன். அதை நட்பு என்றே நம்பினார்.

பழைய கறி அதிகம் போனது மதாம் தெஸ்ஸியே வீட்டுக்கு. கணவரை இழந்தவர், தையல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வியாழன்தோறும் எங்கள் உணவகத்தில், குளிருக்கு அறையைச் சூடாக்கும் கணகணப்புக் குழாய் ஓரத்து மேசையில் சாப்பிடுவார். அவருடைய கைத்துண்டை வளையத்தில் சுருட்டித் தனியாக வைத்திருப்போம். உன் கை பட்டால் வெண்ணெயாகிற கறி என் சட்டியில் செருப்புத் தோலாகக் கிடக்கிறதே என்று நொயெலாவிடம் புலம்புவார். நொயெலா ஒரு கரண்டி வினிகர் சேர்க்கச் சொல்வார், தீயைக் குறைக்கச் சொல்வார். கடைசியில் மதாம் தெஸ்ஸியே தன் பல்லைத்தான் குற்றம் சொல்லி, புதுப் பல் செட்டே கட்டிக்கொண்டார்.

அந்த வருடம் செப்டம்பரில் நொயெலாவின் மகள் கொரினுக்குக் கல்யாணம். விருந்துக்கு ஆறு கிலோ மாட்டுக்கறியை முதல் நாளே சிவப்பு ஒயினில் ஊறப்போட வேண்டும். அதனால் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே நொயெலா கடைக்கு வந்தார். நான் கூடையோடு பக்கத்தில் நின்றேன். எங்களுக்குப் பின்னால் மதாம் தெஸ்ஸியே.

ப்ரோஸார் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார். பெண் யார் ஜாடை என்று கேட்டார். பிறகு, சிரிப்பு மாறாமலே, ரெமி பக்கம் திரும்பி அந்தப் பேச்சில் ஒரு வரி சொன்னார். ரெமி உள்ளே போய்ப் பெரிய துண்டு ஒன்றைத் தூக்கி வந்தான்.

நொயெலாவும் அதே பேச்சில் ஏதோ சொன்னார். குரலை உயர்த்தாமல், பிசிறில்லாமல்.

ரெமியின் கத்தி பலகையிலேயே நின்றது. ப்ரோஸாரின் காது மடல் சிவந்தது.

"என்ன நொயெலா, என்ன சொன்னே?" என்று மதாம் தெஸ்ஸியேதான் கேட்டார்.

நொயெலா திரும்பாமலே பதில் சொன்னார். "மூணு மணி நேரம் ஒயின்ல வேகப் போறதுதானே, பழசையே போடு, இவளுக்கு எங்க தெரியப் போகுதுன்னு சொன்னாரு. உன் பொண்ணு கல்யாணத்துக்கு அதை வச்சுக்கோன்னு நான் சொன்னேன்."

மதாம் தெஸ்ஸியே கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டார். கறியைப் பார்த்தார், ப்ரோஸாரைப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை நொயெலாவின் முதுகில் வந்து நின்றது.

"இவங்க பேசிக்கிறது உனக்கு எப்பவுமே புரியுமா?"

ப்ரோஸார் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்க மகாராணி, கேக்குறாங்கல்ல" என்றார்.

"புரியும்."

"எனக்கு வெட்டும்போது பேசினதுமா?"

மதாம் தெஸ்ஸியே புதுப் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டார். ஒன்றும் வாங்காமல் வெளியே போனார். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

கறியைப் பலகையிலேயே விட்டுவிட்டு நாங்களும் வெளியேறினோம். அலிக்ர் சந்தையில் வேறு கடையில் வாங்கி அன்றே ஊறவைத்தோம். கல்யாணத்தில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நொயெலா அதைத் தொடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கணகணப்புக் குழாய் ஓரத்து மேசையைப் போட்டு வைத்தேன். வளையத்தில் சுருட்டிய கைத்துண்டையும் வைத்தேன். இரண்டு மணி ஆயிற்று, துப்பாக்கிச் சூடு ஓய்ந்தது. அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. நொயெலா வெங்காயத்தை வேர்க்க வைத்துக்கொண்டு, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நீ தனியா போவியே, அப்போ அந்த ஆளு அதே மாதிரி ஏதாவது சொல்லுவாரா?"

அந்த வெள்ளிக்கிழமை கேட்ட வரியின் ஓசை என் காதில் இருந்தது. எத்தனையோ செவ்வாய், எத்தனையோ புதன், கூடையோடு நின்றபோது அதைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ரெமி உள்ளே போவான், நான் காத்திருப்பேன்.

"சொல்லுவாரு மதாம். நிறைய தடவை."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்குப் புரியாதே, மதாம்."

அவர் தீயைக் குறைத்தார். "எனக்குப் புரிஞ்சுதே" என்றார். பிறகு ஈரக் கையோடு போய், அந்த மேசையிலிருந்த கைத்துண்டை எடுத்து வந்து, வளையத்தோடு இழுப்பறையில் வைத்து மூடினார்.