பரம்ஜோத் பர்ஷாதா

பள்ளிக்கூட ஆண்டு மலரில் போடுவதற்கு பரம்ஜோத் கௌரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியை. ஊரில் வேறு ஆளே கிடைக்காத மாதிரி என்னைப் பிடித்தார். அவளை நன்றாகத் தெரிந்தவள் நான்தானாம். தெரியும்தான். ஒருத்தி மேல் பொறாமை வந்துவிட்டால் அவள் நடப்பது, நிற்பது, தும்முவதுகூட நமக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராஜஸ்தான் எல்லையில் மணல்காட்டு ஓரத்திலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தாள். சீரோடு ஒரு மூட்டை கம்பும் வந்து இறங்கியது. நாங்கள் கம்பை எருமைக்கு விதைக்கிறவர்கள். எங்களுக்குக் கோதுமை. "மாட்டுக்குப் போடுறத மாமியாருக்கும் போடப் போறாளோ?" என்று நான்தான் பெண்கள் நடுவில் கேட்டேன். கம்புக்காரி என்று பேர் வைத்ததும் நான்தான். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

புருஷன் அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டு பாதி வருடம் வெளியூரில் இருப்பான். இவள் இரண்டு பெண்களை வளர்த்தாள், அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள், குருத்வாராவில் வருகிறவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடும் லங்கரில் வந்து வெங்காயம் உரித்தாள். வெங்காயம் உரிக்கும் வரையில் எனக்கு அவளால் ஒரு தொந்தரவும் இல்லை.

லங்கரில் பெரிய இரும்புக்கல் என்னுடையது. இருபத்திரண்டு வருடம். நான் தேய்த்துப் போட்டால் ரொட்டி பூரண வட்டம். அங்கே ரொட்டியை ரொட்டி என்று சொல்ல மாட்டோம், பர்ஷாதா என்போம். பரிமாறுகிறவர் "பர்ஷாதா ஜீ" என்று குரல் கொடுத்துக்கொண்டு வரிசையில் நடப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கையையும் ஏந்துவார்கள். அது குருவின் வீட்டிலிருந்து வருவது. யார் மாவு தந்தது, யார் சுட்டது என்ற பேச்சே கிடையாது. என் பேரை ஒருவரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் குறையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் மருத்துவ முகாம் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை. என் புருஷன் கேவல் சிங்குக்கும் இருந்தது. குருத்வாரா கமிட்டி கூடியது. குரு நானக் தச்சர் லாலோ வீட்டில் விரும்பிச் சாப்பிட்டது வரகு ரொட்டி, நாமோ வெறும் கோதுமையும் நெய்யுமாக ஊரைப் படுக்க வைக்கிறோம் என்று குருவின் நூலை ஓதும் கிரந்தி ஐயா எடுத்துச் சொன்னார். இனி ஞாயிறுதோறும் லங்கரில் கோதுமையோடு கம்பு ரொட்டியும் என்று முடிவானது. யாருக்குச் சுடத் தெரியும் என்று கேட்டார்கள். எல்லோர் கண்ணும் போன இடத்தை நான் பார்த்தேன்.

அந்த ஞாயிறு கல்லுக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்.

"அக்கா, நீங்க உங்க இடத்துலயே இருங்க. நான் ஓரமா உக்காந்துக்கிறேன்," என்றாள்.

"எனக்கென்ன இடம்? எல்லாம் குரு வீடு," என்றேன்.

அவளுக்குப் பலகையும் வேண்டாம், குழவியும் வேண்டாம். ஈரக் கையில் மாவை வைத்து இரண்டு தட்டு, ஒரு சுழற்று, ரொட்டி கல்லில். மூன்றாம் ஞாயிறு வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார், "பரம்ஜோத் பர்ஷாதா இன்னொண்ணு இருக்கா?"

யாரும் அவரைத் திருத்தவில்லை. அடுத்த வாரம் வரிசை முழுக்க அதே பேச்சு. வீட்டுக்கு வந்தால் கேவல் சிங், "சாப்பிட்டா வயிறு லேசா இருக்குது. அந்தப் பொண்ணு கையில என்னமோ இருக்கு," என்கிறார். முப்பது வருடம் என் கையால் தின்ற மனிதர்.

"ஏன், என் கையில என்ன இருந்துச்சு?"

"சர்க்கரை," என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாளே கிரந்தி ஐயாவிடம் போனேன். "பர்ஷாதாவுக்கு மனுஷி பேர் ஒட்டலாமா ஐயா? அகங்காரத்துக்கு நாமளே வழி பண்றமே," என்றேன். சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். சொன்ன காரணம்தான் நியாயமில்லை. அவர் வருத்தப்பட்டு, ஞாயிறு எல்லோர் முன்னும் அறிவித்தார். யார் பேரும் சொல்லாமல், இனி அப்படி அழைக்க வேண்டாம் என்றார்.

பரம்ஜோத்துக்கு முகம் செத்துவிட்டது. எழுந்து நின்று கை கூப்பினாள். "தப்பு என்னுதுங்க. கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன். காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். அகங்காரம் கரையட்டும் என்று கல்லை விட்டுச் செருப்புக் காக்கும் அறையில் சேவை செய்யப் போனாள், வருகிறவர்கள் செருப்பை வாங்கித் துடைத்து அடுக்க. அவ்வளவு பேர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வந்திருக்காது. அதற்கும் சேர்த்து அவள்மேல் எரிந்தேன்.

கல் திரும்பவும் என்னிடம் வந்தது. கம்பு மாவு என் கைக்கு வசப்படவில்லை. தேய்த்தால் குழவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது, எடுத்தால் நாலாகப் பிளந்தது. வரிசையில் துண்டுகளைத்தான் பரிமாறினார்கள். ஏந்திய கையில் விழுந்ததை யாரும் மறுக்க மாட்டார்கள், மறுக்கவும் கூடாது. முகம் சுளிக்காமல் தின்றார்கள். திட்டியிருந்தால் தேவலை. சர்க்கரைக்காரர்கள் சிலர் அடுத்த வாரம் கோதுமையே போதும் என்று கை ஏந்தினார்கள். கேவல் சிங்கும் அதில் ஒருவர்.

புதன்கிழமை பகலில் அங்கன்வாடிக்குப் போனேன். குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரைப் பத்தி கிரந்தி ஐயாகிட்டப் போய்ச் சொன்னது நான்தான்," என்றேன்.

"தெரியுங்க்கா."

"அப்புறம் ஏன்டி சும்மா இருந்தே?"

"நீங்க சொன்னது சரிதானே?" என்றாள். பிறகு, "தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊத்தினீங்களா?"

"ஆறின தண்ணி."

"அதான். மொத்தமாப் பிசையாதீங்க. ஒரு ரொட்டிக்கு ஒரு உருண்டை, அப்பப்பப் பிசைங்க. உள்ளங்கையால அழுத்தித் தேய்ங்க. மாவு பழசா இருந்தா கசக்கும், அரைச்சதும் சுட்டுடணும்."

"நீயே வந்து சுடேன்."

"மாட்டேன்க்கா. வந்தா திரும்பவும் அந்தப் பேச்சு வரும். எனக்கும் திரும்ப ஆசை வரும்."

மூன்று வாரம் வீட்டில் தட்டிப் பழகினேன். எருமைக்குக் கொண்டாட்டம். நாலாவது ஞாயிறு லங்கரில் ரொட்டி முழுசாக எழும்பியது. கோதுமைக்குப் போனவர்கள் இரண்டாவது, மூன்றாவது கேட்டார்கள். அந்தக் கிழவர் ஒரு வாய் தின்றுவிட்டு, அறிவிப்பை மறந்து, "ஆஹா, பரம்ஜோத் திரும்ப வந்துட்டா போலிருக்கே," என்றார். கேவல் சிங் தலையாட்டினார். எனக்குக் கல்லைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

கடைசிப் பந்தியில் பரம்ஜோத் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கையை ஏந்தி வாங்கினாள். விண்டு வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பிறகு ரொட்டியைத் திருப்பி அதன் விளிம்பைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்து வெளியே போகும்போது என் பக்கத்தில் குனிந்து, யார் காதிலும் விழாமல் சொன்னாள்: "அக்கா, இது நசத்தர் கௌர் பர்ஷாதா. இவ்ளோ வட்டமா எனக்கு வராது."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை என் பேர். போயும் போயும் இவள் வாயிலிருந்தா வரவேண்டும் என்று பற்றிக்கொண்டு வந்தது. இப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்திருக்க வேண்டும். "என்ன சொன்னே, சரியா விழல," என்று கேட்டேன்.