பின்னல் வைக்குமுன் கீறிய முகம்

பழந்தாளின் வாசம். காய்ந்த ஈரத்தின் புளிப்பும் அச்சு மையின் எண்ணெயும் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையின் இருட்டும் கலந்த வாசம். அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள், அவர் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை அவிழ்த்தபோது அது அறை முழுக்க எழுந்து நின்றது. யன்னலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணை கிளிநொச்சியில் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருத்திதான். பள்ளியை இடையில் விட்டு, உழவு இயந்திர இழுவைப் பெட்டிகளில் பெயரும் பூவும் எழுதி எங்களுக்குச் சோறு போட்டார். யுத்தம் முடிந்த மறு ஆண்டு பாரிசுக்கு வந்தார். புறநகரான வில்லியே லே பெல்லில் என்னோடு இருந்துகொண்டு காலையில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பின்னேரம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், இறந்தவர்களுக்கு நினைவு மலர்கள் அச்சிடும் கடையில் வேலை.

பெட்டி ஒரு ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது. உள்ளே, ஜாஸ் இசை இந்த நகரத்தை ஆட்டிவைத்த காலத்து வாரப் பத்திரிகைகள். காதோடு தலைமயிரைக் கத்தரித்த, கழுத்து நீண்ட பெண்கள். ஆடுகிறார்கள், புகைக்கிறார்கள், யாருக்கோ காத்திருக்கிறார்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத அண்ணை அவர்களை வாசித்தார்.

“கதை எனக்கேன்? இவள் கதவைப் பாக்கிற பார்வை போதுமடி. மலிவு அச்சு, கறுப்பும் சிவப்பும் ரெண்டே மை. கோடு பிழைச்சால் ஒளிக்க இடமில்லை.”

வன்னியிலிருந்து வந்தவர்களிடம் இறந்தவர்களின் படங்கள் இருக்கவில்லை. படமில்லாமல் மலர் எப்படி? அவர்கள் சொல்லச் சொல்ல அண்ணை முகங்களைத் தாளில் கீறினார். “எங்கடை சனத்துக்கெல்லாம் வெள்ளைக்காரியின்ரை கழுத்து வைக்கிறாய்” என்று முதலாளி பகிடி பண்ணுவார். “கழுத்தை விடுங்கோ முதலாளி, கண் ஆரின்ரை?” என்பார் அண்ணை. முதலாளி படத்தை வாங்கி அச்சுக்குக் கொண்டுபோவார்.

கூசேன்வில் என்ற புறநகரில் இருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு நினைவு அட்டை. முகம் இப்படி, ரெண்டு பின்னல், ரிபன், பள்ளிக்கூடச் சட்டை என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணைக்கு ஒரு வழக்கம்: முகம் சரிவரும்வரை பின்னலைத் தொடமாட்டார். முகத்தை மட்டும் அந்தப் பத்திரிகைப் பெண்களின் கட்டை முடியோடு கீறிப் பார்ப்பார். கை அதற்குப் பழகிவிட்டது.

அம்மா சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முந்தி வந்துவிட்டார். சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே நின்றேன். மேசையில் கட்டை முடியோடு மகள்.

“தம்பி, ஆர் உனக்குச் சொன்னது?”

“என்னம்மா?”

“பிள்ளையின்ரை தலைமயிரை வெட்டினது. இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போய் மூண்டாம் நாள். முகாம் வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்தனான். பயத்திலை அவளைக் கூப்பிடேல்லை. இந்த நாட்டிலை ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. ஆர் சொன்னது?”

மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போனது. கடைக் கண்ணாடி நடுங்கியது. “சத்தியமா ஒருத்தரும் இல்லை அம்மா. இது இந்தப் புத்தகத்துப் பெட்டை” என்று பத்திரிகையை விரித்தார். அதில் ஒருத்தி சிகரெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா புத்தகத்தைத் தள்ளிவிட்டார். “பின்னல் வை.”

அண்ணை வேறு தாளில் பின்னலோடு கீறிக் கொடுத்தார். அட்டை அச்சானது. அம்மா போனபின் பார்த்தால் முதற் படத்தைக் காணவில்லை. கிழிக்கத்தான் கொண்டுபோனார் என்று அண்ணை நம்பினார். அதன்பின் அவர் ஒரு பெண் முகமும் கீறவில்லை.

“ஆம்பிளையளை மட்டும் கீறுறது என்ன வீரம்?” என்று கேட்டேன்.

“ஒரு தாயின்ரை நெஞ்சிலை அடிச்ச கை இது. நீ சும்மா இரு.”

நோய் வந்தபோது கஞ்சி காய்ச்சி வந்த அயலவர்களுக்கும், முறைவைத்துப் பக்கத்தில் இருந்த நண்பர்களுக்கும், பெயர் உச்சரிக்க வராவிட்டாலும் அவரை மரியாதையாகப் பார்த்த தாதிமாருக்கும், அண்ணைக்கான இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தந்த முதலாளிக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கும். கடைசிக் கிழமை செய்தி கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணை பேசி நான் கேட்டது அதுவே கடைசி.

“அம்மா, அந்த முதற் படம்... கிழிச்சுப் போட்டீங்களோ?”

“கிழிக்கிறதோ? குசினி மேசையிலை இருக்கிறாள். விடிய எழும்பினால் முதல் அவளைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுறனான்.”

அம்மா எழுந்து அண்ணையின் நெற்றியைத் தடவினார்.

“போயிட்டு வாறன் தம்பி.”

“ஓம் அம்மா, வெளிக்கிடுங்கோ. பிள்ளை தனிய இருக்கும்.”