தெருவிலிருந்தே சொல்லிவிடு

பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு வாசலில் வந்து நிற்கிற ஆளின் முதல் வார்த்தைதான் முக்கியம். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். லீவு ரத்தாகிவிட்டது, கொடுத்தனுப்பிய ஊறுகாய் ரயிலிலேயே உடைந்து பெட்டியெல்லாம் எண்ணெய், எதுவானாலும் சரி. ஆள் இருக்கிறானா இல்லையா என்பதை மட்டும் முதலில் சொல்லித் தொலைக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் ஏரியூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் இது ஒரு சட்டம். போட்டவர் என் மாமனார். அவரும் பட்டாளம்தான். அவர் சேர்ந்த காலத்தில் அங்கே இந்தியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். பஞ்சாபிக்கும் மலையாளிக்கும் நம்மூர் ஆளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வெள்ளைக்காரன் செய்துவைத்த ஏற்பாடு, அவன் கப்பலேறிய பிறகும் கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது. அதனால் மாமனார் இந்தியில் சண்டையே போடுவார், ஆனால் இந்தி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வடக்கே போனால் கடைப் பலகையைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்.

ஒரு தடவை அவர், லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று ஆசையாகத் தந்தி அடித்திருக்கிறார். அந்த நாளில் பட்டாளத்துக்காரன் வீட்டுக்குத் தந்தி வந்தால் அதைப் பிரித்துப் படிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது, நேராக ஒப்பாரிதான். படிக்கத் தெரிந்த வாத்தியாரைக் கூட்டிவர ஆள் போய்த் திரும்புவதற்குள் இவர் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். நடு வாசலில் என் மாமியார் தலைவிரி கோலமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு வெச்ச ஒப்பாரிய நானே நின்னு கேட்டவன்" என்று மாமனார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். "அதுலயும் பாரு புள்ள, ஒரு சேல வாங்கித் தரலன்னு நடுவுல ஒரு அடி சேத்துப் பாடறா!"

"ஆமா, வாங்கித் தந்தீங்களாக்கும்" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

அன்றைக்குப் போட்டதுதான் அந்தச் சட்டம். பட்டாளத்திலிருந்து சேதியோ சாமானோ கொண்டுவருகிறவன் யாராக இருந்தாலும், தெருவிலிருந்தே சத்தமாக "ஆளு நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசல்படி ஏற வேண்டும். காதுக்குக் காது பரவி, எங்கள் பக்கத்துப் பட்டாளத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதுவே நடைமுறை ஆகிவிட்டது.

கையில் செல்போன் இருக்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பனிமலைக் காவலுக்கு ஒரு வருஷம் அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் மேலே ஏறிவிட்டால் செல்போன் வெறும் கடிகாரம்தான். வயர்லெஸ் மாதிரி ஒரு போன் இருக்கும், அதற்கு வரிசையில் நின்று, முறை வந்தால் கொஞ்ச நேரம் பேசலாம். அதிலும் பாதி இரைச்சல். எந்த ஊரில் இருக்கிறார் என்றும் சொல்லக் கூடாது. விலாசம் என்று ஒரு நம்பர் மட்டும் இருக்கும், ஊர் பெயர் இருக்காது. நாங்களோ சாமானை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். டின்னில் அடைத்த அன்னாசியும் சாக்லேட்டும் வந்தால் ஆள் உச்சியில் இருக்கிறார், மேலே ஏறுகிறவர்களுக்குத்தான் அந்த ரேஷன். சாதா பிஸ்கட் வந்தால் கீழே இறங்கிவிட்டார். அன்னாசி டின்னைப் பார்த்தால் பிள்ளைகள் குதிக்கும், நான் போய்ச் சாமி விளக்கை ஏற்றுவேன்.

இந்தச் சாமானையெல்லாம் கொண்டுவருவது லீவில் வருகிற ஆட்கள்தான். தருமபுரிக்காரன் ஒருவன் லீவில் கிளம்பினால் மற்ற தருமபுரிக்காரர்கள் அவன் தலையில் ஆளுக்கொரு பை கட்டிவிடுவார்கள். பாவம், வந்த லீவில் பாதி பஸ்ஸிலேயே கழியும்.

அது ஒரு மார்கழி. வீட்டுக்காரர் மேலே இருந்தார், போன் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. மாமனார் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சவும் மாமியார் ரேஷன் கடைக்கும் போயிருந்தார்கள். நான் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். ஒட்ட வெட்டின தலையோடு ஒரு பையன் வந்து நின்றான். தோளில் பை. ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஒரே நேராக வைத்தான். பட்டாளம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சத்தமும் போடவில்லை.

"வணக்கங்க அண்ணி" என்றான். கண்ணைப் பார்க்கவில்லை. "வூட்ல பெரியவங்க யாரும் இல்லீங்களா?"

கையிலிருந்த முறம் அப்படியே நின்றுவிட்டது. "எதுக்கு? என்ன விசயம்?"

"இல்லீங்க, பெரியவங்ககிட்டதான் மொதல்ல சொல்லோணும். அதான் மொற. நீங்க உக்காருங்க அண்ணி."

பெரியவர்களிடம்தான் சொல்ல வேண்டுமாம், நான் உட்கார வேண்டுமாம்! வேறு என்ன நினைப்பேன்? எனக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான், ஆள் இல்லை. நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, மாமனார் சேற்றுக் காலோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் பையனின் சட்டையைப் பிடித்தார். "சொல்றா! எம் மவனுக்கு என்னடா ஆச்சு?"

அவன் வெலவெலத்துப்போய், குதிகாலை ஒட்டி விறைப்பாக நின்று, பட்டாளத்தில் மேலதிகாரிக்குச் சொல்வதுபோலக் கத்தினான். "சப் டீக் ஹை, சாப்!"

எல்லாம் நலம் ஐயா என்று அர்த்தம். மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பையிலிருந்து வெற்றிலை பாக்கோடு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அவன் பொம்மிடிக்காரன். லீவில் வந்ததே கல்யாணத்துக்குத்தான். பத்திரிகையை வீட்டுப் பெரியவர்கள் கையில்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். கூடவே மாமனாருக்கென்று என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய மிலிட்டரி ரம் பாட்டில் ஒன்று. அதைப் பொம்பளையிடம் எப்படிக் கொடுப்பது என்று வேறு வெட்கமாம். நான் எழுந்தேன், கேழ்வரகு முறத்தாலேயே அவன் முதுகில் இரண்டு வைத்தேன்.

"தெருவுலயே சொல்லோணும்னு உனக்கு எவனும் சொல்லித் தரலியாடா?"

"அண்ணன் சொல்லித்தாங்க அனுப்பிச்சாரு. பத்திரிக வெக்கற நெனப்புல மறந்துட்டங்க!"

அதற்கு மேல் அவனை என்ன செய்ய? களி கிண்டி, கீரைக் குழம்பு ஊற்றிப் போட்டேன். வெட்கம் பார்க்காமல் சாப்பிட்டான். அவன் போன பிறகு நான் சாயங்காலம் வரை அழுதேன், நல்ல சேதிக்குத்தான்.

பொம்மிடிக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த எடத்துலக்கா அடிச்சீங்க? காட்டுங்க, எனக்கும் ஒதவும்" என்று கேட்டாள். வாயாடி. எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

அவன் லீவு முடிந்து மலைக்குத் திரும்பினான். அடுத்து என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். ஒரு நாள் காலையில் அவருக்குப் போன் வந்தது. பேசியவர் இவர்கள் இரண்டு பேரும் இருக்கிற படைக் கம்பெனியின் தமிழ் சுபேதார். பொம்மிடிப் பையன் பனிச்சரிவில் புதைந்துவிட்டான், தோண்டி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லை, கால்தான் என்னாகுமோ தெரியவில்லை. கல்யாணமாகி இன்னும் ஆடிகூட வரவில்லை, போனில் சொன்னால் அந்தப் பெண் பாதி கேட்டு விழுந்துவிடும், நீ நேரில் போய்ச் சொல் என்றாராம்.

நானும் வருகிறேன் என்று பைக்கில் ஏறிக்கொண்டேன். பென்னாகரம், தருமபுரி தாண்டிப் பொம்மிடி போகிற வரைக்கும் வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் உள்ளே போய் உட்கார வேண்டும், தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும், அவள் மாமியாரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பக்குவமாக ஆரம்பிக்க வேண்டும்.

"உங்க பக்குவத்துல தீய வெக்க" என்றேன். "நீங்க தண்ணி குடிச்சி முடிக்கறதுக்குள்ள அவ செத்துப்போவா."

தெரு திரும்பினோம். அவள் வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். தலை நிமிர்த்திப் பார்த்தாள். பைக், ஒட்ட வெட்டின தலை, பின்னால் நான், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அவள் ஏன் சாத்தினாள் என்று என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்கா புரியாது? கதவு சாத்தியிருக்கிற வரைக்கும் அவள் புருஷன் உயிரோடு இருப்பான். பைக் நிற்பதற்குள் குதித்து, தெரு நடுவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏ புள்ள! இருக்காரு! உம் வூட்டுக்காரரு உசுரோட இருக்காரு!"

தெருவில் எல்லாக் கதவும் திறந்தன, அவள் கதவு மட்டும் திறக்கவில்லை. மறுபடியும் கத்தினேன். உள்ளேயிருந்து சின்னக் குரல். "சத்தியமாவாக்கா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியம்டி."

தாழ்ப்பாள் விலகியது. என் மேல் வந்து விழுந்தாள், அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப மீதியச் சொல்லுங்க" என்றாள். பனி, ஆஸ்பத்திரி, கால், எல்லாவற்றையும் சொன்னோம். தெம்பாகக் கேட்டாள். கால் விரல்கள் சில போனதோடு அவன் பிழைத்து வந்தான். இப்போது மலையேற்றம் கிடையாது, கீழே ஸ்டோரில் கம்பளி கொடுக்கிற வேலை. பட்டாளத்தில் அடிபட்டவனுக்கு அப்படியும் ஒரு இடம் ஒதுக்குவார்கள்.

என் வீட்டுக்காரரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். போன மாதம் ஒரு நாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் ஒருவன் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தான். லீவில் வந்திருக்கிற பொம்மிடிக்காரன். அங்கிருந்தே கையை வாய்க்குக் குவித்துக் கத்தினான்.

"அண்ணி! அண்ணன் நல்லா இருக்காருங்க!"

"இங்கதாண்டா இருக்கேன், மடையா!" என்று இவர் கத்தினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கிரீஸ் கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.