சர்வருக்கு வந்த முதல் கேள்வி

சாரல் காலத்தில் குற்றாலத்தில் வேலை பார்ப்பது பாதித் தூக்கத்தில் பார்ப்பதுதான். எங்கள் வீடு ஐந்தருவிப் பாதையில். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும், கொஞ்ச நேரத்தில் இருக்காது. அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து, எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு வாடகை சர்வரில் ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

வேலை தந்தவர் தென்காசியில் ஒரு பெண் மருத்துவர். அவரிடம் வரும் பெண்கள், பக்கத்தில் மாமியாரோ புருஷனோ உட்கார்ந்திருப்பதால், வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்களாம். பெயர் போடாமல் எழுதிக் கேட்க ஒரு இணையப் பக்கம் வேண்டும்.

"வழியில யாரும் படிச்சிரக் கூடாது. நீங்களும் படிக்கக் கூடாது, தம்பி" என்றார்.

"நான் எதுக்கு டாக்டரம்மா படிக்கேன்?" என்றேன். சுருக்கென்று கோபம். எனக்கு எதற்கும் கோபம் வரும். தெருவுக்குத் தெரியும், வீட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் வெப் சர்வர். அடுத்து, போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டுப் போடும் சான்றிதழ். பிறகு, எழுதியதை வாங்கி வைக்கும் ஸ்கிரிப்ட் ஓட பி.எச்.பி. கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் நாலு பேர் வருவதுபோல ஒவ்வொரு பேக்கேஜும் இன்னும் நாலைக் கூட்டி வந்தது. எல்லாம் ஏறியும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. நான் எழுதிய வரிகள் அப்படியே பக்கத்தில் அம்மணமாக நின்றன. வெப் சர்வரையும் பி.எச்.பி.யையும் சேர்த்து வைக்கும் பேக்கேஜை விட்டிருக்கிறேன்.

"மூதி" என்று சர்வரைத் திட்டினேன்.

"அது என்ன செய்யும், பாவம்" என்றாள் மனைவி, தேங்காய் துருவியபடியே.

மத்தியானத்துக்குள் சரியாயிற்று. அவள் போனிலும் பக்கத்தைத் திறந்து, பூட்டுப் படம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனேன். தலையில் தண்ணீர் விழ விழ, யார் என்ன என்பதெல்லாம் கரைந்து போயிற்று.

ஈரத்தலையோடு திரும்பி வந்து சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். ஒரு கேள்வி வந்திருந்தது. டாக்டரம்மா இன்னும் யாருக்கும் முகவரியே கொடுக்கவில்லை. வந்த இடம் எங்கள் வீட்டு வைஃபை. நேரம், நான் அருவியில் நின்ற நேரம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு வரிக் கட்டளை அடித்தால் படித்துவிடலாம். கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான். உடம்புக்கா? என்னைப் பற்றியா? என்னிடம் சொல்ல முடியாதது என்ன? கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. பயமும் வெட்கமும்தான் வந்தன. அந்த வரியை அடித்தும் விட்டேன். என்டர் மட்டும் தட்டவில்லை. சாரல் ஜன்னல் வழியாக வந்து கீபோர்டை நனைத்துக்கொண்டிருந்தது.

எழுத்து எழுத்தாக அழித்தேன். டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டு, கடவுச்சொல்லை அவர் கையாலேயே மாற்ற வைத்தேன். பிறகு நான் உள்ளே போகப் பார்த்தேன், சர்வர் விடவில்லை.

அடுக்களையில் அவள் முதுகைக் காட்டி நின்றாள்.

"யாராச்சும் எழுதிருக்காங்களா?"

"ஒருத்தங்க எழுதிருக்காங்க. என்னன்னு தெரியாது. டாக்டரம்மா கடவுச்சொல்ல மாத்திட்டாங்க. இனி நெனச்சாலும் என்னால பாக்க முடியாது."

அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு அவங்களப் பாக்கப் போவணும். கூட வாரியளா?"

எதற்கென்று கேட்க வாய்வரை வந்தது. "வாரேன்" என்றேன்.