அலுமாரிக்குள் ரவுட்டர் வைத்த ஹமீது நானா

ஹமீது நானா இன்று விடியற்காலை மௌத்தாகிவிட்டார்... மதுரங்குளி சந்தியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தவர். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

காலையிலிருந்து முகநூல் முழுக்க அவர் படம்தான். "கொம்பியூட்டர் மேதை" என்று ஒருவர். "எங்கள் தெருவுக்கே வைஃபை தந்த மனிதர்" என்று இன்னொருவர்.

நான் இங்கே இதுவரை எதுவும் எழுதியதில்லை, லைக் போடுவதோடு சரி. இன்று எழுதுவதற்குக் காரணம், செய்தி கேட்டதும் வாப்பா சொன்னது...

"ஹமீதும் போயிட்டான். இனி யாரு இந்தப் பெட்டியப் பாக்கிற? வித்துருவம்."

அந்தப் பெட்டிதான் என் கொம்பியூட்டர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். கல்யாண அட்டை டிசைன் செய்து, புத்தளத்தில் ஓர் அச்சகத்துக்கு மெயில் பண்ணுகிறேன்.

இனி, மேதையின் கதை.

எங்கள் வீடு கடலேரிக்குப் பக்கம். யார் எந்தப் பிரச்சினைக்குக் கூப்பிட்டாலும் ஹமீது நானாவிடம் ஒரே பதில்தான். உப்புக் காத்து.

மௌஸ் இணையவில்லையா, உப்புக் காத்து. பிரிண்டர் ஒஃப்லைன் என்று காட்டுகிறதா, உப்புக் காத்து. பாஸ்வேர்டைப் பிழையாக அடித்தாலும் உப்புக் காத்துதான்...

"ரவுட்டர வெளிய வெச்சா துருப்புடிச்சிடும் நானா. இரும்பு அலுமாரிக்குள்ள வெச்சி மூடுங்க" என்று வாப்பாவிடம் சொன்னார். அலுமாரியின் முதுகில் தானே துளை போட்டு வயரை இழுத்தார்.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பெருநாள் உடுப்புகளுக்கும் நகைப்பெட்டிக்கும் நடுவில் ஒரு ரவுட்டர்... வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிப் பெருமைப்பட்டார்கள்.

சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை. இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் எப்படி ஏறும்?

உம்மா உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தால் என் மெயில் போகும். மூடினால் நின்றுவிடும். இதை வாப்பாவிடம் சொன்னேன்.

"ஹமீதுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்" என்றார்.

அதனால் மேதை மறுபடியும் வந்தார். வெளி ஆம்பிளை வந்தால் நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால், உள்ளறையில்.

"கடைசியா இதுல என்ன செஞ்சீங்க?" என்று அவர் வாப்பாவிடம் கேட்பார். வாப்பாவுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கொம்பியூட்டரை வாப்பா தொட்டதே இல்லை.

நான் உம்மாவின் காதில் சொல்லுவேன், உம்மா திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுவார். ஹமீது நானா சிரிப்பார்.

"பொம்புளைகள்ட கதையக் கேட்டா வேல நடக்காது நானா."

வைஃபையில் பிரிண்டர் இணையவில்லை என்பதற்காக முழுக் கொம்பியூட்டரையும் ஃபோர்மட் பண்ணினார். நான் செய்து வைத்திருந்த நிக்காஹ் அட்டை, வலீமா விருந்து அட்டை, எல்லாம் போனது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புதுசு மாதிரி ஆக்கித் தந்திரிக்கன்" என்றார். உண்மைதான்... உள்ளே ஒன்றுமே இல்லை.

பிரிண்டர் அதற்குப் பிறகும் ஒஃப்லைன்தான்.

போன மாதம்தான் கடைசியாக வந்தார். அன்று வாப்பா ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்.

"ஹமீது, இன்டைக்கிச் சரிவராட்டி வித்துருவன்."

"வித்துருங்க நானா. நானே எடுக்கிறன். பொம்புளப் புள்ளைக்கி என்னத்துக்கு இது?"

வாப்பா, வேறு யாராவது கூடுதல் விலைக்குக் கேட்பார்களா என்று பார்க்க, போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

வெளி ஆளிடம் நான் வாய் திறந்தது அன்றுதான். "அலுமாரிக் கதவத் தொறந்து பாருங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கத்தினேன். அருகில் நின்ற உம்மாவே திடுக்கிட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு அலுமாரிக் கதவு கிரீச்சிட்டது. கொம்பியூட்டரில் மெயில் வந்த சத்தம். அதன்பின் பிரிண்டர் கடகடவென்று தாள் இழுக்கும் சத்தம்...

வாப்பா திரும்பி வந்தபோது ஹமீது நானா சொன்னது இது, நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை...

"காத்து திரும்பிட்டு நானா. கச்சான் காத்துக் காலம் முடிஞ்சிது. இனி அலுமாரியத் தொறந்து வெச்சாலும் பரவாயில்ல."

வாப்பா தலையாட்டினார். உம்மா ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார் அந்த மனிதர்.

போகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார். தெரு முழுக்க அலுமாரிகள் திறந்தன, தெரு முழுக்க வைஃபை வந்தது. அதற்குத்தான் இன்று மேதை என்று எழுதுகிறீர்கள்... வெட்கம் என்று ஒன்று அவரிடம் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

இன்று வாப்பா விற்கப் போவதாகச் சொன்னதும், "அலுமாரியத் தொறக்கச் சொன்னது நான் வாப்பா" என்றேன்.

"மௌத்தானவர்ட பேர்ல பொய் செல்லாத மகள்."

உம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "பொய்யில்ல. அவதான் சென்னா. நான் பக்கத்துலதானே நிண்டன்."

"அப்ப ஏன் நீ அன்டைக்கே செல்லல்ல?"

"எங்கட கதைய நீங்க எப்ப கேட்டீங்க?"

வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜனாஸாத் தொழுகைக்குப் புறப்பட்டார்.

வாசல் கேற் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். உம்மாவை அல்ல, என்னை.

"அந்தப் பிரிண்டர்ல ஏதோ செவப்பு லைட் எரியிது. நான் வாறத்துக்குள்ள என்னன்டு பாத்து வை."

அல்லாஹ் உங்கள் கபுருக் குழியை விசாலமாக்கட்டும், ஹமீது நானா... நான் பிரிண்டரைப் பார்க்கப் போகிறேன்.